நானூற்றுப் பதினேழின் மூக்கு

ஸ்கூட்டருக்கு உறை வேண்டும், வாஷிங் மெஷினுக்கு உறை வேண்டும் என்று யார் விசாரித்தாலும் தெருக்கோடி மாடி வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அங்கேதான் உறைக்காரம்மா இருக்கிறாள். கிட்டாருக்கும் தைப்பாள், கிணற்று மோட்டாருக்கும் தைப்பாள். புருஷனுக்குக்கூட ஒன்று தைத்துப் போட அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை, வாய்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக.

முன் அறையில் தையல் மெஷின். அதற்குப் பின்னால் சுவரோரமாகப் பழுப்புக் காகிதச் சுருள்கள். துணியை வெட்டும் முன் அளவு போட்டுப் பார்க்கிற காகிதம். எந்தச் சுருளை விரித்தாலும் நடுவில் ஏதாவது ஒரு ஸ்கூட்டரின் அளவு இருக்கும். கத்தரி போகாத ஓரத்தில் ஒரு போர் விமானம் இருக்கும். ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும், ஒன்று சும்மா நின்றுகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, நம் வண்டி உறையில் இறக்கையும் சேர்ந்து வந்துவிடுமோ என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

இருபத்தாறு வருஷம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவள் அவள். போர் விமானம் என்றதும் நமக்கு நெருப்பும் சத்தமும்தான் ஞாபகம் வரும். ஆனால் தரையில் நிற்கிற நேரத்தில் அதுவும் ஒரு சாமான்தானே. வெயில் படக் கூடாது, தூசி போகக் கூடாது, குருவி கூடு கட்டக் கூடாது. அதனால் அதற்குக் கித்தானில் சட்டை தைத்துப் போடுவார்கள். அந்தச் சட்டைப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. அவள் தைத்துப் போட்ட ரகமெல்லாம் அநேகமாக எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. போட்டோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத இடம் அது. சாயங்காலம் வாசலில் கைப்பையைத் துழாவிவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். தலையைத் துழாவ முடியாதே! அதனால் தலையில் இருந்ததை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். பதிமூன்று வருஷமாக அதை வைத்துத்தான் வரைகிறாள்.

வரைகிற விதம்தான் வேடிக்கை. முதலில் கோடு வராது, எண் வரும். "கழுத்து அறுபத்தெட்டு, தோள் எண்பத்திரண்டு, கன்னத்துக்கு ரெண்டு விட்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டே டெய்லர் சாக்கால் புள்ளி வைப்பாள். புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்தால் விமானம் வந்து நிற்கும். அவற்றின் நிஜப் பெயர் அவள் வாயில் நுழைந்ததே இல்லை. பட்டறையில் வைத்த பெயர்தான். கன்னம் ஊதியது தவளை. ஒரே வகையில் இரண்டு வார்ப்பு வந்தது. முதலில் வந்தது குட்டை மூக்கு, அது கோழி. பிறகு வந்தது நீள மூக்கு, அது கொக்கு.

கொக்குகளில் நானூற்றுப் பதினேழு என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். ஒரு தடவை அதன் மூக்கில் அடிபட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. பழைய உறை ஏறவில்லை. புது மாப்பிள்ளைக்கு ஆறு மாசத்தில் தொப்பை விழுந்த மாதிரி என்று சிரித்தபடி அரை இஞ்சு விட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

அதே நானூற்றுப் பதினேழுதான் மூன்று வருஷமாக ஊர்க்கடைசிப் பள்ளிக்கூடத்தின் பின் மைதானத்தில் நிற்கிறது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தளத்திலிருந்து கொண்டுவந்து சிமென்ட் மேடையில் நிறுத்திவிட்டார்கள். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. அவள் புருஷன் அந்தப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவர். தினமும் ரெண்டு வேளை அதைப் பார்க்கிறார்.

"உன் சொந்தக்காரன் அங்க தனியா நிக்கிறான். ஒரு தடவ வந்து பாத்துட்டுத்தான் போயேன்" என்பார்.

"சட்டை இல்லாம வெயில்ல நிக்க வச்சிருப்பாங்க. பாத்தா வயிறு எரியும். நான் வரல" என்பாள்.

இப்படியே போயிருக்க வேண்டிய கதை. வேன்காரர்தான் கெடுத்தார். விமானத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில் அதே விமானம் பறக்கிற மாதிரி பெரிய படம் வரையப் போகிறோம், யாரிடமாவது மாதிரி இருந்தால் கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டார்கள். அவர் வீட்டில் சுருள்களைக் கிளறி, நானூற்றுப் பதினேழு இருக்கிற ஓரத்தை மட்டும் கத்தரித்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார். பாதி உறை அளவும் அதோடு போய்விட்டது. அது பல் டாக்டர் நாற்காலியின் உறை. அந்த நாற்காலிக்கு இன்றுவரை ஒரு கை மறைவதில்லை.

நாலு நாள் கழித்துப் படம் திரும்பி வந்தது. மூக்கைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் 'தவறு' என்று எழுதியிருந்தது.

"யாரு போட்டது?"

"சல்யூட் சாரு" என்றார் வேன்காரர், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

சல்யூட் சார் விமானப்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக் கமிட்டியில் இருப்பவர். எதிரே வருகிறவன் சல்யூட் அடிக்காவிட்டால் அவருக்குத் தெருவைக் கடக்கக் கால் வராது. பால்காரர்கூட ஒரு கையில் கேனும் ஒரு கையில் சல்யூட்டுமாகத்தான் போவார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"மூக்கு ரொம்ப நீளமாம். புஸ்தகத்துல இருக்கிற படத்தக் காட்டினாரு. அப்புறம் நேரா கூட்டிட்டுப் போயி விமானத்தையும் காட்டினாரு." வேன்காரர் தொண்டையைச் செருமினார். "மூக்கு குட்டைதாம்மா. மூணு வருஷமா பாக்கறேன். எனக்கு இன்னிக்குத்தான் உறைச்சுது."

"குட்டையா? பதினேழுக்கா? எனக்கு நல்லாத் தெரியும். சத்தியமா நீள மூக்கு."

சொல்லி வாயை மூடும் முன்பே அவளுக்கு உள்ளே ஏதோ சில்லென்றது.

ஏனென்றால் இதே வார்த்தையை, இதே குரலில், அவளுடைய அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறாள். அக்கா தபால் ஆபீசில் முப்பது வருஷம் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கியவள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒருநாள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இந்தக் கதவு வலப்பக்கம்தான் தொறக்கும். யாரோ மாத்தி வச்சிட்டாங்க. எனக்கு நல்லாத் தெரியும், சத்தியமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உறைக்காரம்மாதான் அதிகமாகச் சிரித்தாள். அது ஆறு வருஷத்துக்கு முன்பு. இப்போது அக்கா தங்கையைப் பார்த்தால் "வாங்க டீச்சர், பையன் நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்கிறாள்.

மறதி என்றால் தடுமாற்றம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அக்கா தடுமாறவே இல்லை. அதுதான் பயம். தனக்கும் தடுமாற்றமே இல்லையே!

அன்றிலிருந்து உறைக்காரம்மா தன்னைத்தானே உளவு பார்க்க ஆரம்பித்தாள். அடுப்படிக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வாள். பதினேழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தாள். அது சின்ன வயசிலேயே தெரியாது என்பதால் அதில் ஒன்றும் முடிவாகவில்லை. வேன்காரரும் தன் பங்குக்கு உதவினார்.

"நேத்து நான் என்ன கலர் சட்டை போட்டிருந்தேன், சொல்லு பாப்போம்."

"இப்பப் போட்டிருக்கீங்களே, அதேதான். கழட்டினாத்தானே மாறும்."

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் தேர்ச்சி கொடுத்துவிட்டுப் போனார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பென்சிலைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் நாள் வேனில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு நடுவே, மடியில் இரண்டு பேருடைய பைகளோடு, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள்.

பின் மைதானத்தில் அது நின்றது. சாம்பல் நிறப் பெயின்ட் உரிந்து, ஒரு டயர் தரையோடு அமுங்கி. பக்கவாட்டில் 417 என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து வளைவுகூட அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் உறையில் நம்பரை நூலால் தைப்பாள். கண் மெதுவாக முன்னால் போனது. கழுத்து சரி. தோள் சரி. மூக்கு...

குட்டை. வட்டம் போட்டவர் பொய் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் வந்த சல்யூட் சார் அவளைப் பார்த்துவிட்டு நின்றார். அவள் சல்யூட் அடிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

"படம் ரொம்ப அழகா இருந்துச்சும்மா" என்றார். "எத்தனை வருஷம் ஆச்சு, ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அந்த 'எல்லாருக்கும் நடக்கறதுதான்' அவளுக்கு ஊசி ஏறின மாதிரி இருந்தது. அக்காவிடம் டாக்டரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், "மூக்குக்கு ஒரு உறை தைச்சுத் தரேன் டீச்சர். பெயின்ட் உரியுது" என்று மட்டும் சொன்னாள். உறை வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள்?

வீட்டுக்கு வரும் வழியில் வேன்காரர் கேட்டார். "இஞ்சு டேப்பு கையில வச்சுக்கிட்டே நின்னியே, அளவு எடுக்காம வந்துட்ட?"

"எடுத்துட்டா அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும்?"

அவள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். கியர் மாற்றுகிற சாக்கில் அவர் அவள் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

கித்தானை விரித்தாள். தலை பொய் சொல்லலாம், கை என்ன சொல்கிறது பார்ப்போம் என்பதுதான் அவள் கணக்கு. அவள் எதையும் நினைக்காமல் கத்தரியைப் பிடித்தாள். ஒன்பது துண்டு வெட்டின கை பத்தாவதற்குப் போகாமல் தானாக நின்றது; கொக்கு உறைக்கு ஒன்பதுதான். கயிறு கோர்க்க இருபத்திரண்டு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம். மூக்கு முனையில் ரெட்டைத் துணி. ஒட்டுப் போட்ட பக்கத்தில் அரை இஞ்சு விட்டாள். அதை விட்ட பிறகுதான் விட்டதையே கவனித்தாள். இரண்டு பகலில் உறை தயாராகிவிட்டது. தூக்கிப் பிடித்துப் பார்த்த வேன்காரர், "இதுக்குள்ள நானே குடியிருக்கலாம் போல" என்றார்.

சனிக்கிழமை காலை. தலைமை ஆசிரியை வந்தார், சல்யூட் சார் வந்தார், கால்பந்து விளையாடிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு வந்தார்கள். வேன்காரர் ஏணியைப் பிடிக்க, உறைக்காரம்மா மேலே ஏறி, விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற கழுத்தில் உறையின் பின்பக்கத்தைப் பொருத்தினாள். கச்சிதம். கயிற்றை இழுத்தால் ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்படியே முன்னால் இழுத்துக்கொண்டு வந்தாள்.

முனையில் ஒன்றரைச் சாண் துணி வெறுமனே தொங்கியது. காற்றடித்ததும் இப்படியும் அப்படியும் ஆடியது.

"ஐ, தும்பிக்கை!" என்றது ஒரு பிள்ளை. எல்லாம் சிரித்தன. தலைமை ஆசிரியை அதட்டுகிற மாதிரி அதட்டிவிட்டுத் தானும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

உறைக்காரம்மா ஏணியில் இன்னொரு படி ஏறினாள். கையும் பொய் சொல்லிவிட்டதா? தொங்குகிற துணியை இழுத்துச் சரிசெய்கிற மாதிரி உள்ளே கையை விட்டு மூக்கைத் தடவினாள். அப்படியே நின்றாள். மறுபடி தடவினாள். கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாள், திரும்ப மூக்குக்குக் கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை.

"என்னம்மா, தலை சுத்துதா? எறங்கிடு" என்றார் வேன்காரர்.

"இருங்க. சார், கொஞ்சம் மேல வாங்களேன்."

சல்யூட் சார் யோசித்துவிட்டு மறுபக்க ஏணியில் ஏறினார்.

"இங்க கை வைங்க. கழுத்துல. ரிவெட் ஆணி தட்டுப்படுதா?"

"இல்லையே. வழுவழுன்னு இருக்கு."

"இப்ப மூக்குல வைங்க."

அவர் தடவினார். புருவம் ஏறியது. "குமிழ் குமிழா இருக்கே."

"கொக்குக்கு ஆணித் தலை தகட்டோட தகடா அமுங்கி இருக்கும் சார். கோழிக்குப் புடைச்சுக்கிட்டு நிக்கும். அதனாலதான் கோழி உறைக்கு உள்ள மெத்துன்னு ஃபிளானல் துணி வச்சுத் தைப்போம், இல்லேன்னா ஒரு மாசத்துல துணி கிழிஞ்சிரும். கொக்குக்கு வைக்க மாட்டோம். இந்த உறைக்கு நான் வைக்கல. என் கை ஃபிளானல் பக்கமே போகல." மூச்சு வாங்கியது. "இது கோழி மூக்கு சார். கொக்கு ஒடம்புல யாரோ கோழி மூக்கை மாட்டியிருக்காங்க."

பிள்ளைகளுக்கு இது தும்பிக்கையைவிடப் பிடித்துப்போய்விட்டது. "கொக்கு ஒடம்பு, கோழி மூக்கு!" என்று மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தன.

சல்யூட் சார் மறுபடியும் மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏணியில் நின்றபடியே, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒரு உண்மையச் சொல்லிடறேம்மா. நான் விமானத்தைத் தொட்டதே இல்ல. வானிலைப் பிரிவு. முப்பது வருஷமும் மேகத்தைத்தான் பாத்தேன். வட்டம் போட்டது புஸ்தகத்தைப் பாத்துத்தான்."

"புஸ்தகத்துல இருக்கிறதும் கோழியா இருக்கும் சார். அதுதானே மொதல்ல வந்தது."

மூக்குக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கதவு இருந்தது; நாலு திருகாணி, அத்தனையும் துரு. வேன்காரர் வண்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தார். மூன்று கழன்றன, நாலாவது கழலவில்லை. அவர் கதவை அப்படியே பக்கவாட்டில் திருகி ஒதுக்கினார். தலைமை ஆசிரியை போனில் வெளிச்சம் அடித்தார். தகட்டின் உட்பக்கம் மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தது: 388.

"முந்நூத்தி எண்பத்தெட்டு!" உறைக்காரம்மா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அட, அந்தக் கோழியோட மூக்கா இது! தளத்துல ஒரு மூலையில ஒடைஞ்சு கெடந்துச்சே. எங்க கொண்டுபோனாங்களோன்னு நெனச்சேன். ரெண்டுக்கும் கழுத்து வளையம் ஒரே அளவு, அறுபத்தெட்டு. இங்க அனுப்பறதுக்கு முன்னாடி எது கெடைச்சுதோ அத மாட்டி அனுப்பியிருக்காங்க."

அவள் கண் கலங்கியதை வேன்காரர் பார்த்தார். விமானத்தின் மூக்குக்காக அழுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தலைமை ஆசிரியை கணக்கு டீச்சராக இருந்து வந்தவர்; விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைச் சரிபார்ப்பார். அவர் கையில் அந்தப் படம் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து விமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனார்.

"மூக்கு நீங்க சொன்னதுதான் சரி. ஆனா சார் வட்டம் போடாத வாலும் வேற மாதிரி இருக்கே? நீங்க கரண்டி மாதிரி உருண்டையாப் போட்டிருக்கீங்க. இங்க கத்தி மாதிரி சாய்வா இருக்கு."

உறைக்காரம்மா இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஆமாம். வால் சாய்வாக, கூர்மையாக நின்றது. ஆனால் அவள் வரைந்த வால் எப்போதும் உருண்டை. தவளைக்கும் உருண்டை, கொக்குக்கும் உருண்டை.

ஒரு நிமிஷம் முன்பு போன சில்லிப்பு திரும்பி வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் வாயைத் திறந்தாள். "கழுத்து அறுபத்தெட்டு, தோள் எண்பத்திரண்டு, கன்னத்துக்கு ரெண்டு விட்டு..." இறக்கை வேர் வரைக்கும் எண் ஓடியது. அப்புறம் வால். எண் வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள். வாலுக்கு வந்ததும் வெறும் காற்று.

"என்னம்மா?" என்றார் வேன்காரர்.

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூக்கில் சாக் புள்ளி இருந்தது. முதுகில் இருந்தது, இறக்கை வேரில் இருந்தது. வாலில் ஒரு புள்ளிகூட இல்லை. நேராகப் பென்சில் கோடு. பதிமூன்று வருஷமாக எல்லா வாலையும் புள்ளி வைக்காமலே வரைந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவளுக்கு அது தோன்றவில்லை.

"வாலுக்கு நான் தைக்கவே இல்லைங்க" என்றாள் மெதுவாக. "அது வால் மாஸ்டர் வேலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்து தைப்பாரு. அவரு அளவை யாரும் தொடக் கூடாது. எங்களுக்கு முன்பக்கம்தான். உறை போடறப்பவும் முன்பக்கம்தான். கிட்ட நின்னு வாலைத் தொட்டதே இல்ல. ஏதோ ஒரு உருண்டையப் போட்டு வச்சிருக்கேன்." அவள் நிமிர்ந்தாள். முகம் தெளிந்துகொண்டே வந்தது. "நான் மறக்கலைங்க. எனக்குத் தெரியாது! எனக்குத் தெரியவே தெரியாது!"

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம்" என்றார் வேன்காரர், சல்யூட் சாரைப் பார்த்து. "இந்த வார்த்தைய இவ வாயால இன்னிக்குத்தான் சார் கேக்கறேன்."

அவள் அதற்குள் ஏணியைத் தானே இழுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருந்தாள். இஞ்சு டேப்பின் ஒரு முனையைச் சல்யூட் சார் கையில் கொடுத்து, "அசையாமப் புடிங்க" என்றாள். அவர் அசையாமல் பிடித்தார். அவள் மேலே ஏறி, சாய்வைத் தடவி, ஓரத்தைத் தடவி, டேப்பை இழுத்து, படத்தின் முதுகில் முதல் எண்ணை எழுதினாள். அப்புறம் கை நின்றது. வாலும் உடம்பும் சேருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"இந்த வாலு மட்டும் பதினேழோடதுதான்னு நமக்கு யாரு சொன்னா?"

சல்யூட் சார் வாலைப் பார்த்தார். வால் சேருகிற இடத்தைப் பார்த்தார். டேப்பை விடாமல் தலையை மட்டும் திருப்பினார்.

"வேன்காரரே, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் இங்க கொண்டாங்க."